தோராகி திருப்பித் தராத மணி

கூடுவாஞ்சேரியில் ஏறும்போதே ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு இந்த ஒரு நல்ல குணமாவது இருக்கிறதே என்று சகாயமேரி நீல அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் டோப்பாவுக்குள் நெற்றி அரித்தது, அரித்தால் என்ன, சொறிந்தால் டோப்பா நகரும், நகர்ந்தால் கீழே இருக்கிற கறுப்பு முடி எட்டிப் பார்க்கும், அப்புறம் சொனோரி எங்கே, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற சகாயமேரி எங்கே, இரண்டும் கலந்து ஒன்றுக்கும் ஆகாத ஒரு பிறவி அல்லவா உட்கார்ந்திருக்கும், ஆகவே அரிக்கட்டும். டோப்பா வெள்ளி நிறம். நேற்று சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்தாயிற்று, அம்மா குறை சொல்ல வழியில்லை, இருந்தும் அம்மா வாசல் வரை வந்து, கல்யாணம் பண்ணிக்கோன்னா கேக்க மாட்டேங்கிறா, அதுக்குள்ள தலை நரைச்சுப்போச்சு பாரு என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள், அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததும் சகாயமேரிக்குத் தெரியும். எதிர் இருக்கையில் ஒரு அக்கா மடியில் துணிப்பையை விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், உரித்தபடியே இவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு நாடகமா என்று கேட்டாள். இல்லக்கா, ஜப்பான்காரங்க கார்ட்டூன்ல வர்ற பொண்ணு, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வேஷம் போட்டுக்கிட்டு ஒரு ஹால்ல கூடுவோம், இன்னைக்கு நுங்கம்பாக்கத்துல. ராஜகுமாரியா என்றாள் அக்கா. இல்லை, சண்டை போடுகிறவள். கத்தியைக் காணோமே. கத்தி இல்லை, இவளுக்கு ஆயுதம் மணி, இடுப்பில் கட்டியிருப்பாள், அதை ஆட்டினால் பாறை பிளக்கும். சரி, மணி எங்கே? சகாயமேரி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். பாவாடை நாடாவை முறுக்கித் தானே தைத்த வளையம், அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் வளையத்தை அத்தனை பெரிதாகத் தைத்தாள். ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்க்கா, திருப்பித் தரல என்றாள். அந்த அக்கா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல.

ஊரப்பாக்கம் தாண்டியதும் காற்று நன்றாக அடித்தது, வெயில் இன்னும் ஏறவில்லை, இந்த நேரத்துக் காற்று முகத்தில் படும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது, சண்டை போட்டவர்களுக்கும் வரும்போல. வண்டலூர் வந்தால் மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிற குடும்பங்கள் இறங்குவார்கள், ஒரு குழந்தையாவது இவளைக் கண்டு சொனோரி என்று கத்துமா, கத்தாது, இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு இடிவாள் கார்ட்டூன் எங்கே தெரியும். தெரிந்தாலும் கதாநாயகன் தோராகியைத்தான் தெரியும், சிவப்புக் கோட்டு, மஞ்சள் முடி, முதுகில் வாள். சொன்னா சொன்னதுதான். தமிழில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் யாரோ புண்ணியவான், அந்த ஒரு வரியை என்னமாய்ச் சொல்வார், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து சிநேகிதி ஃபர்சானா வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தால், ஃபர்சானாவின் உம்மா இரண்டு பேருக்கும் டீயில் வறுக்கி நனைத்துத் தருவார்கள், வறுக்கி கையிலேயே ஊறி அறுந்து டீயில் விழும், கண் திரையை விட்டு நகராது. எது வேண்டுமானாலும் ஆகட்டும், தோராகி வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவான், படிப்பு வராது, மூளை மட்டு, சோற்றைக் கண்டால் போதும் அவனுக்கு, ஆனால் வாக்கு வாக்குத்தான், அதற்காகத்தானே அவனைப் பிடித்தது. சொனோரியைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. குகை இடிந்து தோராகி உள்ளே மாட்டிக்கொண்டானே, ஊரே அழுதுகொண்டு நிற்கிறது, அவள் மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு இடுப்பிலிருந்து மணியை அவிழ்த்து ஒரே ஒரு தடவை ஆட்டினாள், மலை பிளந்தது, வெளியே வந்தவனைப் பார்த்து நீ எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு பாக்கி என்றாள். அன்று இரவு சகாயமேரி, சர்ச்சில் பூசை மணியை ஆட்டிப் பார்க்கக் கிடைக்காதா என்று ஏங்கிப்போனாள், பூசையில் உதவுகிற பீடச் சிறுவர்களுக்குத்தான் அது, பெண்பிள்ளைகளை அப்போது பக்கத்தில் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட பெண் சொனோரி. அப்புறம் கார்ட்டூனுக்கு மூலமான படக்கதையில், பதினோராவது புத்தகத்தில் மழைப் போர் வந்தது, போருக்குப் போகிறவனிடம் சொனோரி மணியை அவிழ்த்துக் கொடுத்தாள், திரும்பி வந்து குடு என்றாள், அவன் சொன்னா சொன்னதுதான் என்றான். போர் வருஷக்கணக்கில் நடந்தது. ஜெயித்தான், வந்தான், கட்டிப்பிடித்தான், சோறு தின்றான். மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் அவளுக்கு என்னதான் வேலை வைத்தார் கதையை எழுதி வரைந்த அந்த ஆசிரியர் என்று பெருங்களத்தூர் வரைக்கும் யோசித்தாலும் ஒன்றும் தேறாது. காயத்துக்குக் கட்டுப்போடுவாள். கஞ்சி கொண்டுவருவாள். தூரத்தில் தூசி கிளம்பினால் நெஞ்சில் கை வைத்து தோராகி என்று கூப்பிடுவாள், அத்தியாயத்துக்கு ஒரு தடவை, கண்ணில் நீர் தளும்பும். செத்தவர்கள் எல்லாம் எழுந்து வருகிறார்கள், ஊரைக் கொளுத்திய வில்லனுக்குச் சின்ன வயதில் அம்மா செத்துப்போனதை நாலு பக்கம் காட்டி எல்லோரும் அவனை மன்னித்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், மலையைப் பிளந்தவளுக்கு மட்டும் கரண்டி. கடைசிப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறாள், இடுப்பு வெறுமையாக இருக்கிறது. வேஷம் போடுகிற பெண்களைப் பாருங்கள், ஒருத்தியாவது சொனோரியாக வருகிறாளா, எல்லோரும் தோராகி, இல்லாவிட்டால் அவன் எதிராளி, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபர்சானா வருஷா வருஷம் தோராகிதான், மழலையர் பள்ளியில் ஆனா ஆவன்னா சொல்லித் தருகிறவள் சிவப்புக் கோட்டை மாட்டினால் நடையே மாறிவிடும், அவளுக்கு அது அப்படிப் பொருந்தும். சகாயமேரிக்கு ஆசிரியர் மேல் கோபம்கூட இல்லை, வாரா வாரம் வரைகிற மனிதர், தூக்கம் கெட்டு, கை வீங்கி, ஒரு மணியை மறந்திருப்பார், மனிதர்தானே, அவரை மன்னித்துவிடலாம். தோராகியைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாக்கு ஒன்றைத் தவிர வேறு ஒரு நல்லதும் இல்லாதவன், அதையும் மறந்தால் அவனிடம் என்னதான் மிச்சம், சிவப்புக் கோட்டா. இதைத்தான் போன மழைக்காலத்தில் அவர்களுடைய ரசிகர் குழுவில், ஃபர்சானாவே ஆரம்பித்து ஃபர்சானாவே கட்டி மேய்க்கிற குழுவில், சொனோரியின் மணி எங்கே என்று தலைப்புப் போட்டு நீளமாக எழுதினாள். எழுதியவள் நிம்மதியாகப் போய்த் தூங்கினாள், அதுதான் வேடிக்கை.

தாம்பரத்தில் கூட்டம் ஏறியது, ஒரு பாட்டுக்காரர் ஏறி மகளிர் பெட்டி என்று தெரிந்ததும் இறங்கிக்கொண்டார், ஒரு கல்லூரிப் பெண் இவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு யார் என்று கேட்காமலே போய்விட்டாள், சரி, அது அப்படித்தான். அன்று எழுதிவிட்டுத் தூங்கியவள் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது குழு கொதித்துக்கொண்டிருந்தது. நீ முதல் பாகத்திலிருந்து பார்த்தவளா. ஆசிரியர் எதையும் காரணம் இல்லாமல் விடமாட்டார், உனக்குப் புரியவில்லை என்றால் வாயை மூடு. பெண்களுக்கு இது பிடிபடாது, அவர்களுக்கென்று காதல் கதைகள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே. யார் யாரைவிட எத்தனை மடங்கு பலசாலி என்று அட்டவணை போட்டே ஆயுசைக் கழிக்கிற ஒருவன், பலப் பட்டியலில் சொனோரி கடைசியிலிருந்து ரெண்டாவது, அவளுக்கு எதுக்கு மணி என்று எழுதியிருந்தான், கடைசியில் இருந்தது ஒரு நாய். இதற்கெல்லாம் சகாயமேரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாயங்காலம் ஒருவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி ஒரு படத்தைக் கண்டெடுத்தான், கடைசிப் புத்தகத்துக்கு முந்தின புத்தகத்தில் தோராகி மலைமேல் முதுகைக் காட்டி நிற்கிறான், இடுப்பில் கோட்டு மடிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி. கடுகளவு. அதுதான் மணி என்றான். மணியை அவன் வைத்திருக்கிறான், பத்திரமாக, சரியான நேரத்துக்குக் காத்திருக்கிறான், ஆகா, ஆசிரியர் தெய்வம். சகாயமேரி விடிந்தால் பொழுதுபோனால் மாத்திரைப் பெட்டியிலும் சோப்புப் பெட்டியிலும் பார்க்கிற புள்ளி அது, அச்சுத் தகட்டில் தூசி ஒட்டினால் விழும், அப்படி விழுந்த பெட்டியைத் தனியே எடுத்துப் போடத்தான் அவளுக்குச் சம்பளம். தூசி என்று ஒரே வார்த்தை எழுதினாள். அப்போதுதான் ஃபர்சானா வந்தாள். அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுப் படத்தை மேலே ஏற்றி, இதோ மணி, விவாதம் முடிந்தது, சகாயமேரி அவர்களே, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டு பிறரையும் குழப்ப வேண்டாம் என்று எழுதி, மேற்கொண்டு யாரும் பதில் எழுதாதபடி பூட்டுப் போட்டாள்.

அவர்களே. நீங்கள். வறுக்கி நனைத்துத் தின்ற வீட்டுப் பிள்ளை எழுதினாள் அதை. டி போட்டுத் திட்டியிருக்கலாம், போடி லூசு என்றிருக்கலாம், வீட்டுக்கு வந்து தலையில் குட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள், இந்த நீங்கள் இருக்கிறதே, சானடோரியம் தாண்டி குரோம்பேட்டையிலும் அது நெஞ்சில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அன்றைக்கே குழுவை விட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை, ஈத் பெருநாளுக்குப் பிரியாணி வரவில்லை, கிறிஸ்துமஸ் கேக் போகவில்லை, அம்மா ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் தானே தின்றாள். சரி, அப்படியானால் இன்றைக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டால், கேட்பவர்களுக்கு மேடை வழக்கம் தெரியாது. வேஷம் போட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறித் தங்கள் தாக்குதலின் பெயரைக் கத்த வேண்டும், பாதியைத்தான் கத்த வேண்டும், மீதியைக் கீழே இருக்கிற கூட்டம் கத்தி முடிக்கும், கூரை அதிரும். சொனோரியின் தாக்குதலுக்கு மணி வேண்டும், மணி இல்லை, ஆகவே இவள் மேடை ஏறி வெறும் வளையத்தோடு ஒன்றும் கத்தாமல் நின்றுவிட்டு இறங்குவாள், அவ்வளவுதான், நீளமாக எழுதியதை நின்றே சொல்லிவிடலாம். துணி தைக்கும்போது இது நல்ல யோசனையாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மேடையில் பெயர் கூப்பிடுவது ஃபர்சானா. சகாயமேரி அவர்கள் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டால். கூப்பிட்டுவிட்டு வளையத்தைப் பார்த்து, என் முகத்தில் அடிக்கவே தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டால், நினைப்பாள், அது உண்மையும்தான், பாதி உண்மை, மீதிப் பாதி என்னவென்றால் ஒவ்வொரு வருஷமும் இதே ரயிலில் இதே பெட்டியில் இரண்டாவது கதவருகே இவள் இடம் பிடித்து வைப்பாள், பல்லாவரத்தில் தெர்மாகோல் வாளோடு ஃபர்சானா ஏறுவாள், வாள் கதவில் இடிக்கும், இருவரும் நுங்கம்பாக்கம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள். இன்றைக்கும் இதே ரயில், இதே கதவு, பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறாள். யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை. தோராகி மறந்தால் என்ன, ஆசிரியர் மறந்தால் என்ன, மணி போனால் போகிறது, எனக்கு ஃபர்சானா வேண்டும் என்று சகாயமேரி வெளிப்படையாகவே நினைத்தாள், நினைத்ததும் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

பல்லாவரம். கதவருகே ஆட்கள் ஏறினார்கள், பர்தா, சுடிதார், தூக்குவாளி, ஒரு கைக்குழந்தை, பிளாஸ்டிக் குடம். சிவப்பு இல்லை. சகாயமேரி தலையை நீட்டி நடைமேடையைப் பார்த்தாள், அங்கும் சிவப்பு இல்லை, வண்டி நகர்ந்துவிட்டது. சரி. ஒரு ரயில் முன்னாலேயே போயிருப்பாள், ஏற்பாடெல்லாம் செய்கிறவள், சீக்கிரம் போக வேண்டியிருக்கும். அல்லது இதே ரயில் என்பதால்தான் முன்னால் போயிருப்பாள். பக்கத்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம், நிற்கிறவர்கள் உட்காரட்டும், எடுக்கக் கை வரவில்லை, திரிசூலம் வந்தால் எடுத்துவிடலாம், திரிசூலம் வந்தது, எதிரே விமான நிலையத்துக் கண்ணாடியெல்லாம் வெயிலில் பளபளத்தது, மீனம்பாக்கத்தில் எடுக்கலாம். அப்போது பெட்டியின் அந்தக் கோடியில் யாரோ திட்டுவது கேட்டது, பாத்து வாம்மா, கண்ணைக் குத்துது. மஞ்சள் டோப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிந்து, தெர்மாகோல் வாளால் இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தோராகி வந்துகொண்டிருந்தாள். கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து கிடைத்த கதவில் ஏறியிருக்கிறாள். வந்தவள் பக்கத்தில் நின்றாள், பையைப் பார்த்தாள்.

"பையை எடுடி," என்றாள்.

சகாயமேரி எடுத்தாள். டி என்ற அந்த ஒற்றை எழுத்து உடம்பெல்லாம் குளிர்ச்சியாக இறங்கியது, இதற்காகவா இத்தனை மாதம் என்று இருந்தது. இரண்டு பேரும் எதிரே இருந்த வெங்காயத்தையே பார்த்தார்கள். ஃபர்சானா மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று மீனம்பாக்கம்கூடக் கொஞ்சம் கூடுதலாக நின்றதுபோல இருந்தது. பிறகு அவள் இவள் இடுப்பைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது தூசிதான்டி. வட்டம் போடும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் போட்ட?"

"அவன் மறந்துட்டான்னு என் வாயால வரல. அவனை வேற என்ன வேணா சொல்லு, முட்டாள்னு சொல்லு. மறப்பான்னு மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அந்தக் கோவத்தை உன் மேல காட்டிட்டேன்."

சொல்லிவிட்டுக் கோட்டுப் பைக்குள் கையை விட்டு எடுத்தாள். பித்தளை மணி, எலுமிச்சம்பழ அளவு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. போன பக்ரீத் ஆட்டின் கழுத்தில் கிடந்தது, உம்மா எடுத்து வைத்திருந்தார்கள் என்றாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சகாயமேரியின் கை தானாக நீண்டது, நீண்டு பாதியில் நின்றது. இதை இப்போது வாங்கி வளையத்தில் மாட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும், ஃபர்சானா கிடைத்துவிட்டாள், நுங்கம்பாக்கம் வரைக்கும் சிரிக்கலாம், இதற்குத்தானே பையை வைத்து இடம் பிடித்தாய், வாங்கேன். ஆனால் ஃபர்சானா தூசி என்று ஒத்துக்கொண்டது ஹாலில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வட்டத்துக்குள் புள்ளி இருக்கிறது, இந்த வருஷம் சில பையன்கள் அந்தப் படத்தைச் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறார்களாம், அந்தச் சட்டைகளுக்கு முன்னால் சொனோரி மணியோடு ஏறி நின்றால், பார்த்தாயா, சொன்னோமே, மணி வந்துவிட்டதே என்றுதான் கத்துவார்கள். வாங்காமல் விட்டால் ஃபர்சானா எழுந்து போய்விடுவாளோ. போனால். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"இங்க வேணாம். அது தூசின்னு சொல்லி மேடையில குடு."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் முன்னாடிதானே வட்டம் போட்ட."

ஃபர்சானா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், பழவந்தாங்கல் வந்து போனது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அவள் மனதில் அந்தச் சட்டைகள் ஓடுகின்றன என்று சகாயமேரிக்குத் தெரிந்தது, ஆரம்பித்து வளர்த்த குழு, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட வட்டம் பொய் என்று சொல்லி மணியை எடுத்து நீட்ட வேண்டும், அத்தனை பேருக்கும் முன்னால், இன்றைக்கே பாதிப் பேர் ஃபர்சானாவையும் நீ முதல் பாகத்திலிருந்து பார்த்தவளா என்று கேட்பார்கள். கேட்டது அதிகம்தான். கேட்காமல் இருந்தால் அந்த நீங்கள் நெஞ்சை விட்டு இறங்கியிருக்காது. பரங்கிமலையில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஃபர்சானா எழுந்தாள். போகிறாள் என்று சகாயமேரி நினைத்தாள். ஃபர்சானா எழுந்து நின்று சிவப்புக் கோட்டின் பக்கத்தை ஒதுக்கி, இடுப்பு மடிப்பில், புள்ளி விழுந்த அதே இடத்தில், மணியின் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். கட்டி முடித்து, ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தாள்.

"சொன்னா சொன்னதுதான்," என்றாள். தோராகி குரலில் இல்லை, அவளுடைய குரலிலேயே.

வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மணி ஒலித்தது, பெட்டியில் இரண்டு குழந்தைகள் ஆடு எங்கே என்று தேடின. எதிரே இருந்த அக்கா வெங்காயம் உரித்த கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு ஃபர்சானாவை நன்றாகப் பார்த்தாள், பிறகு சகாயமேரியின் பக்கம் குனிந்து, வாங்கிட்டுப் போனவன் இவன்தானா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று சகாயமேரி தலையை ஆட்டினாள்.

"குடுத்துருவானா?"

"குடுத்துருவான்க்கா."

நெற்றி மறுபடியும் அரித்தது. இந்த முறை நன்றாகச் சொறிந்துகொண்டாள், டோப்பா நகர்ந்து கறுப்பு முடி வெளியே வந்தது, ஃபர்சானா அதைப் பார்த்துச் சிரித்தாள், கிண்டி வந்துவிட்டது.